ஊர் அடங்கினாலும் நாள் அடங்காது

ஒரு பெரும் தொற்றுநோய் தேசத்தைப் பற்றிக்கொள்ளும்போது ஜனங்களுடைய பயம் முழுவதும் அந்த ஒரு வியாதியின் மேலேயே குவிந்துவிடுவது சகஜம். ஆனால் அதற்காகப் பழைய வியாதிகள் மரியாதையாக ஒதுங்கி நிற்பதில்லை. 2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி நள்ளிரவில் ஊரடங்கு அமலுக்கு வந்து, பஸ்ஸும் ரயிலும் நின்று, பள்ளிக்கூடமும் கோயிலும் மூடி, தெருவில் கால் வைப்பதற்கே காரணம் சொல்லவேண்டிய நிலைமை ஏற்பட்டபோது, அந்த வாரத்தில் ஆறு வாரம் நிரம்பிய சிசுக்களும் ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தைகளும் நம் நாட்டில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சர்க்கார் எந்த உத்தரவையும் போடலாம். குழந்தைக்கு வயது ஏறுவதை நிறுத்திவைக்கும் உத்தரவு மட்டும் எந்தக் கெஜட்டிலும் வந்ததில்லை.

“ஒரு மாசம் தள்ளிப்போனால் என்ன, குடியா முழுகிப்போய்விடும்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. அது அசட்டுக் கேள்வியன்று. சில ஊசிகள் விஷயத்தில் ஒரு மாதத் தாமதத்தால் உண்மையிலேயே பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. சிலவற்றில் அந்த ஒரு மாதத்திலேயே குடி முழுகக்கூடும். ஒன்றிரண்டுக்கோ ஒரு நாள் கழிந்தாலே பிரயோஜனம் குறைந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாததனால்தான் பெரும்பாலோர் ஒன்று எல்லாத் தேதிக்கும் பதறுகிறார்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கைகழுவிவிடுகிறார்கள். கஷ்டகாலத்தில் எந்தத் தேதிக்காகத் தெருவில் இறங்கியே ஆகவேண்டும், எந்தத் தேதிக்காகச் சற்றுப் பொறுக்கலாம் என்ற தாரதம்மியத்தை அறிந்துகொள்வதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பயம் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் காங்கோ ஜனநாயகக் குடியரசு சாட்சி சொல்லும். அந்த நாட்டின் கிழக்குப் பகுதியில் 2018 ஆகஸ்டிலிருந்து 2020 ஜூன் வரை எபோலாக் காய்ச்சல் பரவிச் சுமார் 2,300 பேரைக் கொன்றது; உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அதைப் பற்றி எழுதின; வைத்தியர்களும் பணமும் விமானம் ஏறிச் சென்றார்கள். அதே காலத்தில் அதே நாட்டில் தட்டம்மை 6,000-க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோயிற்று; மாண்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். எபோலாவுக்கு அப்போதுதான் ஒரு தடுப்பூசி பரீட்சை நிலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தட்டம்மைக்கோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நல்ல ஊசி, சொற்ப விலையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நம் தேசத்துக் கணக்கு அவ்வளவு கோரமானதன்று. ஆயினும் திருப்திப்படக்கூடியதும் அன்று. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2021 ஜூலையில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி ஆகிய மூன்றுக்கும் எதிரான முத்தடுப்பு ஊசியை மூன்று தவணையும் பெற்ற குழந்தைகள் இந்தியாவில் 2019-இல் 91 சதவீதமாக இருந்து, 2020-இல் 85 சதவீதமாகக் குறைந்துபோனார்கள். உலகம் முழுவதும் அந்த ஓர் ஆண்டில் அடிப்படைத் தடுப்பூசிகள் விடுபட்ட குழந்தைகள் 2 கோடியே 30 லட்சம் பேர். நூற்றுக்கு ஆறு குறைவது காகிதத்தில் சின்ன விஷயமாகத்தான் தோன்றும். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மும்பையில் கோவண்டி போன்ற நெருக்கமான பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்து, பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதலாக ஒரு தவணை போடும்படி மத்திய அரசு யோசனை சொல்ல நேர்ந்தபோதுதான் அந்தக் குறைவின் கனம் விளங்கிற்று. தட்டம்மை கண்ட ஒருவர், எதிர்ப்புச் சக்தியில்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேர் வரை அதைப் பரப்பக்கூடியவர். நூற்றுக்கு 95 பேராவது தடுப்பூசி பெற்றிருந்தால்தான் ஓர் ஊரில் அது காலூன்றாமல் இருக்கும்.

ஆனாலும், ஊசி போடப் போகும் வழியில் புதிய தொற்று ஒட்டிக்கொண்டுவந்தால் என்ன செய்வது என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலையையும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் உள்ள சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்க நாடுகளை எடுத்துக்கொண்டு 2020-இல் செய்த மதிப்பீட்டில், தடுப்பூசிக்குப் போய்வருவதால் குடும்பத்தில் நேரக்கூடிய கொரோனா மரணம் ஒன்றுக்கு எதிராக, ஊசிகளால் தடுக்கப்படும் குழந்தை மரணங்கள் 84 என்று கண்டார்கள். ஊகங்களின் மேல் கட்டிய கணக்காதலால் அந்த எண்ணை வேதவாக்காகக் கொள்ளவேண்டியதில்லை; தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் 26-ஆம் தேதியே, கூட்டம் கூட்டிப் போடும் பெருமுகாம்களைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள், ஆனால் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசியை இயன்ற இடத்திலெல்லாம் தொடருங்கள் என்றுதான் சொல்லிற்று. முகாம் வேறு, வழக்கமான தவணை வேறு என்பதை நம் ஜனங்களில் பலர் இன்னும் பிரித்தறிவதில்லை. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் போடும் போலியோ சொட்டு மருந்து, தாய்சேய் நல அட்டையில் உள்ள சொட்டு மருந்துத் தவணைக்குப் பதிலாகாது. அது கூடுதலாகக் கொடுப்பது. 2020-இல் ஜனவரி 19-ஆம் தேதிக்குப் பிறகு அடுத்த தேசிய முகாம் 2021 ஜனவரி 31-ஆம் தேதிதான் நடந்தது. முகாமை மட்டும் நம்பியிருந்த வீட்டுக் குழந்தைக்கு இடையில் ஓர் ஆண்டு வெறுமனே கழிந்திருக்கும்.

இனித் தேதிகளைப் பார்ப்போம். பிறந்தவுடன் கொடுக்கவேண்டியவை மூன்று: இடது தோளில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ்-பி ஊசி. இவற்றில் கடைசியாகச் சொன்னதற்கு 24 மணி நேரந்தான் கெடு. தாயின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்குமானால் அது பிரசவத்தின்போதே சிசுவுக்குச் செல்லக்கூடும் என்பதால், கால தாமதம் இங்கே நேரடியான நஷ்டம். முதல் சொட்டு மருந்துக்கு 15 நாள் வரை அவகாசம் உண்டு. பி.சி.ஜி.யை ஒரு வயது வரை போடலாம். தொற்றுக் காலத்தில் ஆஸ்பத்திரியில் அதிக நாள் தங்கவேண்டாம் என்று சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பும் சீட்டில் கையெழுத்துப் போடுமுன், மூன்றும் போட்டாயிற்றா, அட்டையில் தேதி எழுதியாயிற்றா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது தகப்பனாருடைய கடமை. பிரசவித்தவளிடம் அந்த வேலையையும் ஒப்படைக்கக்கூடாது. பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரம் கழித்துச் சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறி, வடுவாகும். மஞ்சளோ எண்ணெயோ வைக்காமல் விட்டுவிடுவதே அதற்கு வைத்தியம். வீட்டில் பாட்டி இருந்தால் அவருடைய கையில் இதைவிடப் பெரிய அம்மை குத்திய தழும்பு இருக்கும். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் அந்த அம்மைப் பாலைத் தயாரித்துக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அதே கிண்டியில்தான் 1948-இல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடமும் ஏற்பட்டது. ஊசியைக் கண்டு முகம் சுளிக்கும் குடும்பத்தில் பாட்டியின் தழும்பைக் காட்டிப் பேசுவது பத்துப் பிரசங்கங்களுக்குச் சமானம்.

அடுத்து வருகின்ற ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களே என் அபிப்பிராயத்தில் முழு அட்டவணையிலும் மிக முக்கியமானவை. தொற்றுக் காலத்தில் மிகுதியாக நழுவிப்போவதும் இவையே. பெண்டா என்று சொல்லப்படும் ஐந்து நோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு மருந்து, கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்து ஆகியவை மூன்று தவணையிலும் உண்டு; ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் போலியோ ஊசியும், நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசியும் சேரும். பெண்டா ஊசி தேசிய அட்டவணையில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான், 2011 டிசம்பரில். நியூமோகாக்கல் ஊசியோ கொரோனாவின் நடுவிலேயே, 2021-இல், இங்கே அறிமுகமாயிற்று. உலகமே ஒரு நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் குழந்தைகளுக்கு வேறொரு நோயின் கவசத்தைக் கொண்டுவந்து சேர்த்த சுகாதாரத் துறையினரை யாரும் பாராட்டியதாகத் தெரியவில்லை.

இந்த வாரங்கள் ஏன் பொறுக்கமாட்டா என்பதற்கு, பெண்டா ஊசி தடுக்கும் கக்குவான் இருமல் ஒன்றே போதுமான காரணம். பெரியவர்களுக்கு அது நாள்பட்ட இருமலாக வந்து போகும். முதல் சில மாதங்களிலுள்ள சிசுவுக்கோ மூச்சு நின்றுவிடக்கூடிய வியாதி. உயிர்ச்சேதம் மிகுந்திருப்பது இந்தப் பிராயத்திலேதான். ஊரடங்கின்போது வீட்டிலே அடைந்துகிடந்த குழந்தைக்கு வெளியார் மூலம் நோய் வராது என்பது ஓரளவு மெய். ஆனால் இருமிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் சித்தப்பாவும், கதவு திறந்தவுடன் ஆசையாக வந்து தூக்கும் பக்கத்து வீட்டுப் பையனும் இருக்கும் வீட்டில் எந்தக் குழந்தையும் தனித் தீவில் வசிப்பதில்லை. ஆகவே முதல் தவணையை ஆறாவது வாரம் முடிந்த உடனே போட்டுவிடவேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே எண்ணவேண்டும், எடை கூடட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

ஒன்பது மாதம் நிரம்பியவுடன் வருவது தட்டம்மை-ரூபெல்லா ஊசி. மணல்வாரி என்று கிராமங்களில் சொல்லும் தட்டம்மைக்கு எதிராகத் தாயிடமிருந்து சிசுவுக்கு வந்த எதிர்ப்புச் சக்தி இந்தச் சமயத்தில் கரைந்துகொண்டு வரும். அது இருக்கும்போதே ஊசி போட்டால் ஊசி நன்றாக வேலை செய்யாது, முற்றிலும் கரைந்தபின் போடத் தாமதித்தால் குழந்தை நிராயுதபாணியாக நிற்கும். ஒன்பது மாதம் என்பது இந்த இரண்டுக்கும் இடையே வல்லுநர்கள் கண்ட சமரசம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இந்த ஊசியின் முகாம் தொடங்கியபோது வாட்ஸப் வதந்திகளால் பெற்றோர் பலர் மிரண்டு போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொற்றுக் காலத்தில் வதந்திகளுக்கு இன்னும் கொழுத்த தீனி. அரசாங்க வைத்தியர் கையெழுத்தில்லாத எந்தக் குரல் பதிவையும் ஊசி விஷயத்தில் பொருட்படுத்தவேண்டாம். ஒன்பதாம் மாதத்து ஊசி போடும் நாளிலேயே வைட்டமின்-ஏ திரவமும், நோயுள்ள மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும், நியூமோகாக்கல் ஊக்கத் தவணையும் கிடைக்கும். 2023-லிருந்து மூன்றாவது போலியோ ஊசியும் உண்டு.

பதினாறு மாதம் முதல் இருபத்துநான்கு மாதம் வரை என்று அகலமாக அவகாசம் கொடுத்திருக்கும் இரண்டாம் தட்டம்மைத் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி ஆகியவற்றுக்கும், ஐந்து வயது முத்தடுப்பு ஊசிக்கும் நோய் உச்சத்தில் இருக்கும் சில வாரங்கள் பொறுக்கலாம். பொறுக்கலாம் என்றால் மறக்கலாம் என்று அர்த்தமன்று.

தேதியைக் கணக்கிட ஜோதிடம் தெரியவேண்டியதில்லை. குழந்தை பிறந்த கிழமை எதுவோ அதே கிழமையில்தான் ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் பதினான்காவது வாரமும் நிரம்பும். பிறந்த நாளிலிருந்து 42, 70, 98 நாட்கள். தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள் புதன்கிழமையாதலால், அன்றோ அதற்கு அடுத்தோ வரும் புதன்கிழமையே உங்களுடைய நாள். பால் கணக்கு எழுதும் அதே தினசரி நாட்காட்டியில், அந்த மூன்று புதன்கிழமைகளையும் பிரசவமான வாரத்திலேயே சிவப்பு மையில் சுழித்து வையுங்கள். சாதாரண காலத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் தம் பதிவேட்டைப் பார்த்து ஆள் அனுப்புவார். கொள்ளைநோயின்போது அவரே வீடு வீடாகக் காய்ச்சல் விசாரித்துக்கொண்டும், தனிமைப்படுத்தப்பட்டவர்களைக் கணக்கெடுத்துக்கொண்டும் அலைவார். அவருடைய ஞாபகத்தை நம்பி இருப்பது அவருக்கும் அநியாயம், குழந்தைக்கும் அநியாயம். கணக்கை வீடு வைத்துக்கொள்ளவேண்டும். ஆகவே அவருடைய செல்பேசி எண்ணைத் தாய்சேய் நல அட்டையின் மேலேயே எழுதிவைத்து, இரண்டு நாள் முன்னதாகக் கூப்பிட்டு, “சிஸ்டர், எங்க பாப்பாவுக்குப் பத்தாவது வாரத்து ஊசி வருது, புதன்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரட்டும்?” என்று கேட்டால் போதும். வரலாமா என்று கேட்காமல் எப்போது வரட்டும் என்று கேட்பதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று இங்கே தனியாகச் சிக்கலை உண்டாக்குகிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போய், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆனபின் கணவன் வீட்டுக்குத் திரும்புவாள். கர்ப்பப் பதிவு ஓர் ஊரில், பிரசவம் மற்றோர் ஊரில், ஊசி இரண்டிலும் என்று கணக்கு பிரிந்து கிடக்கும். 2020 கோடையில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்தது. அந்த ஏற்பாடு ஆகஸ்ட் மாதக் கடைசி வரை நீடித்தது. மதுரையில் பதிவு செய்துகொண்டு தஞ்சாவூரில் மாட்டிக்கொண்ட தாய்மார், ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் ஆறு, பத்து, பதினான்கு மூன்றும் போயிருக்கும். எந்தத் துணை சுகாதார நிலையமும், எந்த ஆரம்ப சுகாதார நிலையமும், நகர்ப்புற நிலையமும் எந்த ஊர்க் குழந்தைக்கும் இலவசமாக ஊசி போடும். ரேஷன் கார்டும் வாடகைப் பத்திரமும் அதற்கு வேண்டியதில்லை. திருப்பூரில் வேலை செய்யும் பீகார்க் குடும்பத்துக்கும் இதுவே விதி. கையில் அட்டையும் கர்ப்பகாலத்தில் கொடுத்த பிக்மி எண்ணும் இருந்தால் வேலை சுலபமாகும், அவ்வளவுதான்.

தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிட்டால் என்ன செய்வது? கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவிய நாட்களில் சென்னைவாசிகள் பலர் இந்தக் கேள்வியோடு இருந்தார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் அப்போது வகுத்த முறைப்படி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதியிலும் அதைச் சுற்றிய வளையத்திலும் பிறப்புத் தவணைகள் ஆஸ்பத்திரியில் தடையின்றி நடக்கும். மற்றவை, அந்தப் பகுதி பட்டியலிலிருந்து நீங்கி 14 நாள் கழிந்தபின் மீண்டும் தொடங்கும். அதற்கு வெளியே உள்ள ஊர்களில் ஊசி எப்போதும்போல நடக்கவேண்டும். அடைபட்ட தெருவில் உள்ளவர்கள் செய்யவேண்டியது, விடுபட்ட தவணையைச் செவிலியரிடம் தொலைபேசியில் சொல்லிப் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்வதும், தகரம் பிரித்த நாளிலிருந்து 14 நாளை எண்ணுவதுமே. அடைப்புக்கு வெளியே வசித்துக்கொண்டு அடைப்பைக் காரணம் காட்டியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

போகும் நாளில் குழந்தையோடு ஒருவர் மட்டும் போனால் போதும்; அறுபது தாண்டிய பாட்டியை அழைத்துக்கொண்டு போகவேண்டாம். பெரியவர் முகக்கவசம் அணியவேண்டும். கைக்குழந்தைக்கு எக்காரணங்கொண்டும் அணிவிக்கக்கூடாது, மூச்சுத் திணறும். சொட்டு மருந்துக்காகத் தாய்ப்பாலை நிறுத்திவைப்பது ஒரு பழைய தப்பெண்ணம். முன்னும் பின்னும் பால் கொடுக்கலாம், ஊசியின் வலி தணிவதற்கும் அதுவே மருந்து. ஊசி போட்டபின் அரை மணி நேரம் காத்திருப்பதைக் கூட்டத்துக்குப் பயந்து விட்டுவிடாமல், வெளியே வேப்பமர நிழலிலாவது நின்று வரவேண்டும். சளி, லேசான இருமல், சின்ன வயிற்றுப்போக்கு ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்களல்ல. “நாலைந்து குழந்தைகள் சேரட்டும்” என்று செவிலியர் சில சமயம் சொல்வதற்கும் ஒரு காரணம் உண்டு: பி.சி.ஜி.யும் தட்டம்மை ஊசியும் பொடியாக வரும். கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டும், மிச்சத்தைக் கொட்டவேண்டும். ஆயினும் ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே விதி. மருந்து வீணாவதைவிடக் குழந்தை திரும்பிப்போவது பெரிய நஷ்டம் என்று பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பெண்டா ஊசி போட்ட அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் வருவது சாதாரணம். ஆனால் காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டாலே தெருவே கதவைச் சாத்திக்கொண்ட அந்த மாதங்களில், இந்த ஒரு ராத்திரிக் காய்ச்சலுக்குப் பயந்தே பலர் ஊசிக்குப் போகாமல் இருந்தார்கள். ஊசிக் காய்ச்சல் அன்றைக்கே எழும்பி, ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். போட்ட தொடை சற்றுச் சிவந்து கனத்திருக்கும். எடைக்கேற்பச் செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்து, உடம்பை இறுகச் சுற்றாமல், பால் கொடுத்துக்கொண்டிருந்தால் போதுமானது. தட்டம்மை ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சலோ ஒரு வாரம் கழித்து, சில சமயம் மெல்லிய தடிப்போடு வரும். அதையும் ஊசியின் பின்விளைவாகவே கொள்ளலாம். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சு இழுப்பு, பால் குடிக்காமை, இடைவிடாத வீறிட்ட அழுகை, வலிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் 108-க்குச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காய்ச்சல் கணக்கெடுக்க வருபவரிடம் ஊசி போட்ட தேதியை அட்டையோடு காட்டுங்கள், மறைக்கவேண்டாம்.

வீட்டில் ஒருவருக்குத் தொற்று உறுதியானால், தனிமைக்காலம் முடியும்வரை குழந்தையையும் வெளியே கொண்டுபோகாமல் இருப்பதுதான் உசிதம். குழந்தைக்கே தொற்று வந்தால் குணமாகி எழுந்தபின் போகலாம். தாய்ப்பாலை மட்டும் எந்த நிலையிலும் நிறுத்தவேண்டாம்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் தவணை தவறிவிட்டால், முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, போட்ட ஊசி வீணாகவில்லை என்பதே. மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து, பெரும்பாலான ஊசிகளில் தவணைக்குத் தவணை குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விட்டுத் தொடரலாம். வெவ்வேறு ஊசிகளை ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம். குழந்தை தாங்குமா என்று தாய் தயங்குவாள், தாங்கும். ஆனால் எல்லைகள் உண்டு. ரோட்டா, பெண்டா, நியூமோகாக்கல் ஆகியவற்றின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியாகவேண்டும். ஒன்றேனும் போட்டிருந்தால் வயது கடந்தாலும் மிச்சத்தை முடிக்கலாம். பெண்டாவே தொடங்காமல் ஒரு வயது கடந்த குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போடுவார்கள். அதற்கு ஏழு வயது வரை அவகாசம். தட்டம்மை-ரூபெல்லாவுக்கு ஐந்து வயது எல்லை. ஒன்பதாம் மாதத்தில் தவறிய குழந்தை பதினாறாம் மாதத்தில் வந்தால், அன்று ஒன்றும் நான்கு வாரம் கழித்து மற்றொன்றும் போட்டு முடிக்கலாம். விடுபட்டவர்களைத் தேடிப் போடும் இந்திரதனுஷ் இயக்கத்தின் சுற்றுகள் 2021 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நடந்தன, பின்னரும் நடந்தன. அப்படி ஒன்று வரட்டும் என்று காத்திருப்பது மட்டும் தவறு. எல்லாப் புதன்கிழமையும் விட்டதைப் போடும் நாள்தான்.

அட்டை தொலைந்திருந்தால் பிரசவ ஆஸ்பத்திரிப் பதிவும் செவிலியர் பதிவேடும் துணை செய்யும். தோளில் உள்ள வடு பி.சி.ஜி.க்குச் சாட்சி. எதுவுமே நிச்சயமாகத் தெரியாவிட்டால், போடாததாகவே கொண்டு வயதுக்கேற்பப் போடுவார்கள்; ஒரு தவணை மிகையாகப் போனால் குழந்தைக்குத் தீங்கில்லை, குறைவாகப் போனால்தான் தீங்கு. அரசாங்க நிலையம் மூடியிருந்த வாரங்களில் தனியார் வைத்தியரிடம் போட்டவர்கள் அந்த அட்டையையும் சேர்த்தே எடுத்துச் செல்லவேண்டும். இனிமேல் அட்டையின் இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, தகப்பனாருக்கும் தாத்தாவுக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கில் பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகும் பிராயத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஐந்து வயது முத்தடுப்பு ஊசிக்கு ஏழு வயது நிரம்பும்வரை, அதாவது 2027-இல் வரும் பிறந்தநாள் வரைதான் காலம். பத்து வயது டி.டி. ஊசி 2030-இல் வரும், அதைப் பெரும்பாலும் பள்ளியிலேயே போடுவார்கள், அன்றைக்கு லீவு போட்ட பிள்ளை விடுபட்டுவிடும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கும் அந்த அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி எழுதாத கட்டம் ஒன்று இருந்தாலும் வருகிற புதன்கிழமை குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.